கார்டில் மட்டும் நீந்தத் தெரிந்தவன்

காசிமேட்டில் பிறந்து, மீன் வாசனையிலேயே வளர்ந்த எனக்கு நீச்சல் தெரியாது. இதை என் வாயால் வெளியில் சொல்ல எனக்கு எழுபது வயது ஆக வேண்டியிருந்தது. (வீட்டில் எல்லோருக்கும் ஐம்பது வருடமாகத் தெரியும். அதற்கு என் மைத்துனன் லூர்துதான் காரணம். அவன் சீக்கிரமே வருவான்.)

நான் நீச்சல் கற்றுக்கொள்ளாமல் போனதற்கு அம்மா பொறுப்பு. அப்பாவும் சித்தப்பாக்கள் மூன்று பேரும் கடலுக்குப் போனார்கள். குடும்பத்தில் ஒருத்தனாவது நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்க வேண்டும் என்று அம்மா முடிவு செய்து, அந்த ஒருத்தனாக என்னைப் பொறுக்கி எடுத்தாள். "தண்ணில கால வெச்சே, கால ஒட்ச்சி அடுப்புல வெச்சிடுவேன்" என்பது என் பள்ளிக்கூட நாட்களின் காலை வணக்கம். தெருப் பையன்கள் எல்லாம் படகு விளிம்பிலிருந்து தலைகீழாகக் குதித்தபோது, நான் கரையில் அவர்களுடைய சட்டைகளுக்குக் காவல் இருந்து பதினாறாம் வாய்ப்பாடு படித்தேன்.

நாற்காலி கிடைத்தது. எழுபதுகளின் தொடக்கம். திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் போகிற வழியில் ஒரு தொழிற்சாலையில், பணியாளர் பிரிவில் குமாஸ்தா. ஆறு மாதம் தற்காலிகம். அதிகாரிக்குத் திருப்தி என்றால் நிரந்தரம், இல்லையென்றால் வீட்டுக்கு. அம்மா இந்த நுணுக்கத்தையெல்லாம் கண்டுகொள்ளவில்லை. முதல் நாளே மீன் ஏலம் விடுகிற இடத்தில் நின்று, என் பிள்ளை பெர்மனென்ட் என்று அறிவித்துவிட்டாள். ஆகவே நான் நிரந்தரம் ஆகியே தீர வேண்டும். ஆகாவிட்டால் காசிமேடு பக்கம் தலைகாட்ட முடியாது, என் வீடோ காசிமேட்டிலேயே இருந்தது.

என் அதிகாரி வெங்கடேசன் சார். நல்ல மனிதர். ஆனால் எங்கேயோ ஒரு கண்காட்சிக்குப் போய்விட்டு வந்து, ஒரு பெட்டி நிறையப் புது மாதிரி கார்டுகளை வாங்கி வைத்துக்கொண்டார். "இனிமே பேரேடு கிடையாது சேவியர். எந்த ஆள் வேணும்னாலும் அரை நிமிஷத்துல எடுக்கலாம். தலைமை ஆபீஸே நம்மளப் பார்த்துக் கத்துக்கப் போகுது" என்றார். நான் நிரந்தரம் ஆவது அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது என்று எனக்கு அப்போதே தெரிந்துபோயிற்று.

இப்போது என் பேத்தி கம்ப்யூட்டரில் இதே வேலையைத்தான் பார்க்கிறாள். ஆயிரக்கணக்கான பேருடைய விவரம் உள்ளே கிடக்கிறது, கேட்டால் எடுத்துக் கொடுக்க வேண்டியது. அது அவள் கேட்டதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் எடுத்துக் கொடுக்கிறதாம். தினம் அதைத் திட்டுகிறாள். நான் சிரித்துக்கொள்வேன். எங்களிடம் இருந்ததற்கு மின்சாரமே கிடையாது. ஆனாலும் அதே பேஜாரு.

அது இப்படி. ஒரு தொழிலாளிக்கு ஒரு கார்டு. கார்டின் நான்கு ஓரத்திலும் வரிசையாக ஓட்டைகள். ஓர் ஓட்டை ஒரு கேள்வி: இந்தி தெரியுமா, தட்டச்சு தெரியுமா, ஆஸ்துமா உண்டா, நீச்சல் தெரியுமா. 'ஆமாம்' என்றால், அந்த ஓட்டைக்கும் கார்டின் விளிம்புக்கும் நடுவிலுள்ள துண்டை, ரயிலில் டிக்கெட் பரிசோதகர் கையில் இருக்குமே, அதுபோன்ற ஒன்றால் வெட்டிவிட வேண்டும். ஓட்டை வாயைப் பிளந்துகொள்ளும். 'இல்லை' என்றால் அப்படியே விட்டுவிட வேண்டும். பிறகு ஆள் தேவைப்படும்போது கார்டுகளை அடுக்கி, அந்தக் கேள்விக்குரிய ஓட்டை வழியாக ஒரு நீளமான ஊசியைச் செருகித் தூக்கினால், வாய் பிளந்த கார்டுகள் கீழே விழும். மற்றவை ஊசியிலேயே தொங்கும். விழுந்தவர்கள்தான் நமக்கு வேண்டியவர்கள்.

படித்தவுடன் உங்களுக்குப் புரிந்துவிட்டது அல்லவா? எனக்கு அன்று புரியவில்லை. அதற்குக் காரணம் உண்டு. விழுவதுதான் வேண்டியது என்ற விஷயம் இருந்தது, பெட்டியோடு வந்த கையேட்டின் மூன்றாம் பக்கத்தில். முதல் பத்துப் பக்கங்களின் மேல் நான் முதல் நாளே தேநீரைக் கவிழ்த்ததில், அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. நான் பதினோராம் பக்கத்திலிருந்து படித்துப் பண்டிதன் ஆனேன்.

பதினோராம் பக்கத்திலிருந்து எல்லாமே தொந்தரவு. கார்டைத் தலைகீழாக அடுக்கிவிட்டால், இந்தி தெரிந்தவருக்கு ஆஸ்துமா வந்துவிடும். கடல் காற்றில் கார்டுகள் ஊறி அப்பளம் மாதிரி வளைந்தன. ஊசி துருப்பிடித்தது. மின்விசிறியைப் போட்டால் பட்டறைப் பிரிவு முழுவதும் ஜன்னல் வழியாகக் கிளம்பிவிடும். 'கொஞ்சம் கொஞ்சம் இந்தி வரும்' என்று ஒருவர் எழுதியிருந்தார். அரை ஓட்டைக்கு வழி இல்லை. பொழுதுபோக்கு வரிசையில் பனிச்சறுக்குக்கு ஓர் ஓட்டை இருந்தது. (எண்ணூரில்!) கேரம்போர்டுக்கு இல்லை, குத்துச்சண்டைக்கு இல்லை, கால்பந்துக்கு இல்லை. எங்கள் ஆட்களைக் கார்டு பார்த்தால் பொழுதே போகாத ஜென்மங்கள் என்றுதான் தோன்றும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய கொடுமை, வெட்டினால் வெட்டியதுதான். திருத்த முடியாது. அதை என் சொந்தக் கார்டிலேயே கற்றுக்கொண்டேன். முதல் கார்டாக என்னுடையதை எடுத்துத் தட்டச்சு ஓட்டையை வெட்டப் போனேன். கை வழுக்கி, பக்கத்து ஓட்டையும் சேர்ந்து வெட்டுப்பட்டது. பார்த்தால், நீச்சல்! புதுக் கார்டு கேட்கலாம் என்றால், வெங்கடேசன் சார் எண்ணி வைத்துப் பூட்டியிருந்தார். போகட்டும், நீச்சலும் ஒரு தகுதிதானே, நிரந்தரம் ஆகிறவனுக்கு நாலு தகுதி கூட இருந்தால் நல்லது என்று பேசாமல் வைத்துவிட்டேன். அந்தப் பொடிப்பயலை இப்போது என் முன்னால் நிறுத்தினால் காதைத் திருகுவேன்.

தொழிலாளிகளும் ஆபீஸ் ஆட்களும் நிரப்பிக் கொடுத்த தாள்களைப் பார்த்து, எண்பத்து நாலு கார்டுகளை ஒரு வாரம் வெட்டினேன். யார் என்ன சொன்னார்கள் என்பதொன்றும் மனதில் நிற்கவில்லை. விரல்தான் வீங்கியது.

அப்போது வந்தது அந்தப் போட்டி. எங்கள் வட்டாரத்துத் தொழிற்சாலைகள் வருடா வருடம் விளையாட்டுப் போட்டி நடத்தும். அந்த வருடம் புதிதாக நீச்சலைச் சேர்த்தார்கள். எண்ணூர் முகத்துவாரத்தில் கரையிலிருந்து ஒரு மிதக்கும் பீப்பாய் வரை போய்த் திரும்ப வேண்டும். ஒரு தொழிற்சாலைக்கு நாலு பேர்.

வெங்கடேசன் சார் கையைத் தேய்த்துக்கொண்டார். "சேவியர், ஊசியப் போடு! அந்த நாலு பேரோட கார்டையும் பட்டியலோட தலைமை ஆபீசுக்கு அனுப்பப் போறேன். எப்படிப் பிடிச்சோம்னு அவங்களே பாக்கட்டும். இது மட்டும் நல்லபடியா முடியட்டும், உன் பெர்மனென்ட் ஆர்டரை நானே டைப் அடிக்கிறேன்."

ஊசியைச் செருகித் தூக்கினேன், குலுக்கினேன். பதினோரு கார்டுகள் கீழே விழுந்தன. எழுபத்து மூன்று ஊசியில் நின்றன.

நான் வலைக்காரன் வீட்டுப் பிள்ளை. வலையைத் தூக்கினால் நிற்பது மீன், விழுவது சேறும் தண்ணீரும். இது எனக்கு யாரும் சொல்லித் தந்ததல்ல, ரத்தத்தில் இருப்பது. ஊசியில் நின்ற எழுபத்து மூன்றையும் அப்படியே அள்ளிக்கொண்டு, கீழே விழுந்த பதினொன்றைக் காலால் ஒதுக்கினேன். கார்டுகளை வெட்டியவன் நான், தூக்கியவன் நான், நடுவில் ஒரு நிமிடம் யோசிக்க வேண்டியவனும் நான்தான். அது மட்டும் நடக்கவில்லை.

எழுபத்து மூன்று பேரில் முதலிலேயே கண்ணில் பட்டது, பட்டறையில் வேலை பார்த்த என் கூட்டாளி லூர்துவின் கார்டு. அடுத்து எங்கள் தெருக்காரர்கள் மூன்று பேர். நடக்கும் முன்னால் நீந்தியவர்கள். கார்டு எவ்வளவு சரியாகச் சொல்கிறது பார் என்று எனக்குப் புல்லரித்தது. பட்டியல் போட்டுக் கொடுத்தேன். சார் என் முதுகில் தட்டினார்.

சாப்பாட்டு மணி அடித்ததும் லூர்து என் மேசைக்கு வந்தான். முகம் வெளுத்திருந்தது. கார்டுப் பெட்டியைத் தொடாமல் தள்ளியே நின்றான்.

"மாமு, அந்தப் பொட்டி எப்டி கண்டுபுட்ச்சிச்சி?"

"எதைடா?"

"நாங்க நாலு பேரும் நீச்சல் தெரியாதுன்னுதான் எய்திக் குடுத்தோம். ஒன்ட்ட சொல்லாம வுட்டது தப்புதான். ஆனா அது எப்டிடா கண்டுபுட்ச்சிச்சி? மன்சுல கீறத படிக்குதா?"

"தெரியாதுன்னு ஏண்டா எழுதினீங்க?"

"பின்ன? நம்ம கம்பெனிக்குத் தண்ணி இழுக்குற கொயா கீதுல்ல, முகத்துவாரத்துல? அது வாயில சிப்பி ஒட்டிகினு அடைக்குதுல்ல? நீச்சல் தெரியும்னு சொல்றவன அங்க உள்ள எறக்கி சொறண்ட வுடப் போறாங்களாம். ஒரே எண்ணெயும் சேறும், கலீஜு. பட்டறை முச்சூடும் இதான் பேச்சு. எவனாவது ஆமான்னு சொல்லுவானா?"

அவன் போனதும், ஒட்டிக்கிடந்த பத்துப் பக்கத்தையும் கேன்டீன் தேநீர்ப் பானையின் ஆவியில் காட்டிப் பிரித்தேன். மூன்றாம் பக்கம். ஊசி படமும் போட்டிருந்தது. விழுவதுதான் வேண்டியது!

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். நீச்சல் தெரிந்தவர்கள் தெரியாது என்று சொன்னார்கள். நான் தெரியாதவர்களைத் தெரிந்தவர்கள் என்று எடுத்தேன். இரண்டு தப்பும் மோதிக்கொண்டு, சரியான நாலு பேர் கிடைத்துவிட்டார்கள். இதை இப்படியே விட்டிருந்தால் கோப்பை எங்களுக்கு, ஆர்டர் எனக்கு. ஆனால் நாலு கார்டும் தலைமை ஆபீசுக்குப் போகுமே! அங்கே யாராவது எடுத்துப் பார்த்தால் நீச்சல் ஓட்டை வாயை மூடிக்கொண்டு இருக்கும். சாரின் மானமும் என் வேலையும் சேர்ந்தே போகும்.

லூர்துவைத் தேடிப் போய்க் கெஞ்சினேன். "நாலு கார்டையும் வெட்டிடறேன்டா. ஒரே ஒரு வெட்டு."

"வெட்டாத மாமு!" அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "வெட்டினா திருப்பி ஒட்டாதுன்னு நீதான சொன்னே? அப்பால ரிடையர் ஆவற வரைக்கும் நான் சிப்பி சொறண்டிகினு கெடக்கணும். ஒன் வேலைக்காவ என் பொயப்புல மண்ணப் போடாத. ஊட்டுல தங்கச்சி கீது, அதுக்கு ஒரு வய் பண்ணணும் நானு."

அவன் சொன்னது நியாயம். எனக்கு அழுகை வந்தது. வெட்டவில்லை. அந்த ஆறு மாதத்தில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான்.

மறுநாள் பெட்டியைத் திறந்து, ஒதுக்கிவைத்த பதினோரு கார்டுகளையும் எடுத்துப் பார்த்தேன். பட்டறைக்காரன் ஒருவன்கூட இல்லை. எல்லாம் ஆபீஸ் ஆட்கள். (நீச்சல் தெரிந்தால் பதவி உயர்வில் ஒரு மதிப்பெண் கூட என்று எங்கள் பக்கம் வேறொரு வதந்தி ஓடியிருந்தது.) அதில் ஏழு பேர் ஐம்பதைத் தாண்டியவர்கள். மிச்சம் நாலு: டைம் ஆபீஸ் குமாஸ்தா, கேன்டீன் மேற்பார்வையாளர், வெங்கடேசன் சார், நான்.

என் கார்டை மட்டுமாவது காப்பாற்றப் பார்த்தேன். வெட்டுப்பட்ட இடத்தில் சோற்றுப் பருக்கையைத் தேய்த்து ஒரு காகிதத் துண்டை ஒட்டினேன். ஊசி பட்டதும் பிய்ந்தது. சைக்கிள் கடையில் டியூபுக்குப் போடுகிற பஞ்சர் ஒட்டு வாங்கி வந்து போட்டேன். அது பக்கத்திலிருந்த மூன்று கார்டுகளோடு ஒட்டிக்கொண்டு, நாலு பேரும் ஒரே ஆள் ஆனோம்.

வேறு வழியில்லாமல் சாரிடம் போய், மறுபடி சரிபார்த்தேன் சார், பட்டியல் மாறுகிறது என்றேன். வாங்கிப் படித்தார். தன் பெயரைப் பார்த்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"இது கார்டு சொல்றதா?"

"கார்டுதான் சார் சொல்லுது."

கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். தெரியாது என்று அவர் அப்போதே சொல்லியிருக்கலாம். நானும் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் வாங்கிய பெட்டி, நான் வெட்டிய கார்டு. "காலேஜ் நாள்ல ஒரு குளத்துல எறங்கியிருக்கேன்" என்றார் மெதுவாக. இறங்கி என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை.

போட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பூசை முடிந்த பிறகு. முகத்துவாரத்தின் கரை முழுக்கக் கூட்டம். என் போதாத காலம், அம்மா மீன்காரப் பெண்கள் ஏழெட்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். "பெர்மனென்ட் ஆனா நீச்சல்கூட வந்துடும்போல" என்று அவள் யாரிடமோ சொன்னது என் காதில் விழுந்தது.

டைம் ஆபீஸ் குமாஸ்தாவுக்குக் காய்ச்சல் என்று வீட்டிலிருந்து சேதி வந்தது. கேன்டீன்காரர் சட்டையைக் கழற்றினார், சிலுவை போட்டுக்கொண்டார், தண்ணீரைப் பார்த்தார், சட்டையை மறுபடி மாட்டிக்கொண்டு கூட்டத்தில் கலந்துவிட்டார். மிஞ்சியது சாரும் நானும்.

நான் ஒரு திட்டம் வைத்திருந்தேன். கால் எட்டுகிற வரைக்கும் கையை மட்டும் நீந்துகிற மாதிரி வீசிக்கொண்டு நடப்பது. அதற்குப் பிறகு கால் மரத்துப்போய்விட்டது என்று கத்துவது. விசில் அடித்தார்கள். நடந்தேன். அருமையாகப் போய்க்கொண்டிருந்தது. எட்டாவது எட்டில் தரை இல்லை.

அதற்குப் பிறகு நடந்தது எனக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும். ஒரு முறை மேலே வந்தபோது, பக்கத்தில் சாரும் மேலே வந்தார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அந்தப் பார்வையில் எல்லா உண்மையும் வெளியே வந்துவிட்டது. பிறகு அவர் என் கழுத்தைக் கட்டிக்கொண்டார். நான் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். பணியாளர் பிரிவு முழுவதுமாகக் கீழே போயிற்று.

வேடிக்கை பார்க்க லூர்துவும் அந்த மூன்று பேரும் ஒரு கட்டுமரத்தில் வந்து பக்கத்திலேயே நின்றிருந்தார்கள். அடுத்த முறை தலை வெளியே வந்தபோது அவன் குரல் கேட்டது. "மாமு, துடுப்பப் புடி! நான் குதிக்க மாட்டேன்! குதிச்சா தெரிஞ்சிடும்! துடுப்பப் புடிச்சிக்கோ!"

நான் துடுப்பைப் பிடிக்கவில்லை. அதற்கு ஒரு கை வேண்டும். இரண்டு கையும் சாரின் கழுத்தில் இருந்தன.

"அட பேஜாரு புட்ச்சவனே!" என்று லூர்து கத்தியது கேட்டது. அடுத்து தண்ணீர் கலங்கியது. அவன் என் தலைமுடியைப் பிடித்தான். இன்னொருவன் சாரைப் பிடித்துப் பிரித்தான். வலையில் சிக்கிய இரண்டு திருக்கைகளைப் போல எங்களை இழுத்துக்கொண்டுபோய், அத்தனை தொழிற்சாலைகளின் முன்னாலும், அம்மாவின் காலடியிலும் போட்டார்கள். அம்மா, நான் மூச்சு விடுகிறேனா என்று பார்த்தாள். விடுகிறேன் என்று தெரிந்ததும் முதுகில் ஒன்று வைத்தாள். "தண்ணில கால வெக்காதேன்னு சொன்னேன்ல?"

சார் எழுந்து உட்கார்ந்து, குடித்த தண்ணீரையெல்லாம் கக்கினார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு லூர்துவைப் பார்த்தார். எனக்காகத் தண்ணீரில் குதித்தவன் வாழ்நாள் முழுக்கச் சிப்பி சுரண்டப் போகிறான்!

"உனக்கு நீச்சல் தெரியுமா?" என்றார் சார்.

தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட லூர்து நிமிர்ந்து நின்றான். "தெரியாது சார். வோணும்னா கார்ட பாருங்கோ."

சார் அவனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பீப்பாயைப் பார்த்தார். பிறகு, "ஆமாம். கார்டுல அப்படித்தான் இருக்கும்" என்றார்.

அந்தப் பெட்டி அடுத்த வாரமே சாமான் அறைக்குப் போயிற்று. தலைமை ஆபீசுக்கு ஒரு கார்டும் போகவில்லை. சாமான் அறைச் சாவியோடு சார் என்னைக் கூப்பிட்டு, "முகத்துவாரத்துல நடந்தது எதுவும் எங்கயும் எழுத வேண்டாம், சேவியர்" என்றார். நான் தலையாட்டினேன். ஆர்டரை அவரே டைப் அடித்தார், இரண்டு விரலால். நான் நிரந்தரம் ஆனேன். குழாய்ச் சிப்பியைக் கடைசிவரை ஒப்பந்தக்காரரின் ஆட்கள்தான் சுரண்டினார்கள். அப்படி ஒரு திட்டமே கம்பெனிக்கு இருந்ததில்லை என்று பிற்பாடு தெரிந்தது.

லூர்து சொன்ன அந்தத் தங்கச்சி ரீட்டாவைத்தான் அடுத்த வருடம் கட்டிக்கொண்டேன். பெண் பார்க்கப் போனபோது அவள் கேட்ட முதல் கேள்வி, "நீங்க நின்ன கார்டா, வுயுந்த கார்டா?" என்பதுதான். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எந்த முடிவுக்கும் அதுதான் வார்த்தை. பிள்ளைகள் பரீட்சை எழுதிவிட்டு வந்தால் நின்னதா, விழுந்ததா. சின்னவளுக்கு வரன் வந்தபோதும் அதே. பேத்தி தன் கம்ப்யூட்டரோடு சண்டை போடும்போது, ரீட்டா சமையலறையிலிருந்தே குரல் கொடுப்பாள்: "விழுந்தத எட்த்துப் பாருடி. ஒங்க தாத்தா மாரி நின்னத எடுக்காத."

லூர்து ஓய்வு பெற்ற நாளில் நான் சாமான் அறையைக் கிளறி, அவனுடைய கார்டையும் வெட்டுக் கருவியையும் கண்டுபிடித்து எடுத்துக்கொண்டு போனேன். முப்பது வருடத்துக்கும் மேலாக நீச்சல் தெரியாதவனாகவே வேலை பார்த்தவன். கார்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இனிமே அந்தக் கொயாக்கு அனுப்ப மாட்டாங்கள்ல?"

"மாட்டாங்கடா."

கருவியை வாங்கி, நீச்சல் ஓட்டையைத் தானே வெட்டினான். துரு ஏறிய கருவி. இரண்டு தடவை அழுத்த வேண்டியிருந்தது. பிறகு கார்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அன்றைக்கெல்லாம் எல்லோரிடமும் எடுத்து எடுத்துக் காட்டினான்.

என் கார்டு என்னிடமே இருக்கிறது, பாதி பிய்ந்த பஞ்சர் ஒட்டோடு. அதன்படி எனக்கு நீச்சல் தெரியும்.